திறந்தாலும் திட்டு, மூடினாலும் திட்டு

பள்ளத்தூர்
ஆவணி 20

அன்புள்ள சொக்கு,

நலம். நலமறிய ஆவல். உன் கடிதம் வந்த பிறகு ஆடியும் போய்விட்டது. பதில் எழுதாததற்குக் காரணம் சொன்னால் நீ நம்பப்போவதில்லை, ஆகவே அதை விட்டுவிடுகிறேன். வீட்டில் கால்வலி தேவலை. ஒல்லிக்கு இன்னொரு பேரன் பிறந்திருக்கிறான், சிகரெட்டை விட்டபாடில்லை. குண்டு வாத்தியார் வீட்டை விற்றுவிட்டார்கள். தூணும் நிலைக்கதவும் தனித்தனியாகப் போயின. அதைப் பற்றி எழுதினால் உனக்கு ரத்தக்கொதிப்பு ஏறும்.

விஷயத்துக்கு வருகிறேன். என் அக்கா, எங்கள் ஆச்சியின் இளைய மகன் நீர்வளத் துறையில் உதவிப் பொறியாளராக இருப்பது உனக்குத் தெரியும். அவனை ஒரு அணைக்கு மாற்றியிருக்கிறார்கள். எந்த அணை என்று கேட்காதே. உன்னிடம் சொன்னால் பங்காளிகள் அத்தனை பேரும் குடும்பத்தோடு சுற்றுலா கிளம்பிவிடுவார்கள். முன்னோருக்கான படைப்புக்கு வந்தவன் ஆளே பாதியாக இருந்தான். போன மழையில் உபரி நீர் திறந்த மறுநாள், ஆற்றோரத்து ஊரில் அவனுடைய ஜீப்பை மறித்துச் சேற்றை வாரி இறைத்திருக்கிறார்கள். ஒரு பெரியவர், "ராத்திரியில் திருடன் மாதிரி திறந்துவிட்டாயே, உன் வீட்டில் பிள்ளை இல்லையா?" என்று கேட்டாராம். அவனுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை. அதைச் சொல்லிச் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை.

'ராத்திரியில் திருடன் மாதிரி'. 2015 வெள்ளத்தின்போது சைதாப்பேட்டையிலிருந்து நீ எனக்கு எழுதியதும் இதே வாசகம்தான்.

அன்றைக்கு உனக்கு ஆமாம் போட்டேன். முழங்கால் தண்ணீரில் பீரோ மிதந்துகொண்டிருப்பவனிடம் வேறென்ன சொல்வது? இப்போது இவன் போட்டுக் காட்டிய கணக்கை உன்னிடம் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது. படைப்புச் செலவு நோட்டின் பின்பக்கத்தில், தேங்காய், வாழையிலைக் கணக்குக்குக் கீழே எழுதினான். திறப்பில் ஒரு கன அடி என்றால் நொடிக்கு ஒரு கன அடி, அதாவது சுமார் 28 லிட்டர். 11,574 கன அடி வீதம் ஒரு முழு நாள் ஓடினால் ஒரு டி.எம்.சி., அதாவது நூறு கோடி கன அடி. செம்பரம்பாக்கம் ஏரியின் மொத்தக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. 2015 டிசம்பர் 1 அன்று திறந்தது 29,000 கன அடி. அந்த வேகத்தில் வந்து சேர்ந்தால், புழுதி பறக்கும் வெற்று ஏரியே முப்பத்தைந்து மணி நேரத்தில் தளும்பிவிடும். அன்றைக்கோ ஏரி ஏறக்குறைய நிரம்பியே இருந்தது.

அதோடு விட்டானா? சாத்தனூர் அணைக் கணக்குக்குப் போனான். ஃபெஞ்சல் புயலின்போது, 2024 டிசம்பர் 2 அதிகாலையில் அங்கே திறந்தது 1,68,000 கன அடி. அணையின் கொள்ளளவு 7,321 மில்லியன் கன அடி. வகுத்துப் பார் என்று பென்சிலை என்னிடம் நீட்டினான். பன்னிரண்டு மணி நேரம்! காலி அணையாக இருந்தாலும் காலையில் குளித்துச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பி, இரவுச் சாப்பாட்டுக்கு வருவதற்குள் நிரம்பியிருக்கும். "இதில் எதைப் பிடித்து வைப்பது, அம்மான்?" என்று தாய்மாமனான என்னைக் கேட்டான்.

பிடித்து வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு 1979இல் குஜராத்தில் நடந்ததைச் சொன்னான். மச்சு ஆற்றின் இரண்டாவது அணை. மதகுகள் வெளியேற்றக்கூடிய அளவைவிட மிக அதிகமாக வெள்ளம் வந்தது. மண்கரையின் மேல் தண்ணீர் ஏறி வழிந்து கரையை அரித்துக்கொண்டு போனது. கீழே இருந்த மோர்பி நகரில் ஆயிரக்கணக்கானவர்கள் செத்தார்கள். மண்கரை அணை தலைக்கு மேல் வழிந்தால் தாங்காது. அதனால்தான் மட்டம் எல்லையைத் தொட்டதும் வருவதை அப்படியே கீழே விட்டுவிடுகிறார்கள். வெள்ளத்தின் உச்சத்தைவிட அதிகமாக விட்டுவிடக் கூடாது. அதைவிடக் குறைத்து, நேரத்தை இழுத்து விட முடிந்தால் அது அணை செய்த உபகாரம். ஆனால் அந்த உபகாரத்துக்கு உள்ளே காலி இடம் வேண்டும்.

இங்கேதான் சொக்கு, நான் மாட்டிக்கொண்டேன். காலி இடத்தை யார் வைக்கவிடுகிறார்கள்? நம் ஊர்ப்பக்கத்தை நினைத்துப் பார். வைகை அணையில் தண்ணீர் தேக்கும் உயரம் 71 அடி. மட்டம் எழுபதை நெருங்கினால் நாம் பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு சந்தோஷப்படுகிறோம். நம் சிவகங்கை மாவட்டத்தின் மேற்கே ஷீல்டு, லெஸ்ஸிஸ் கால்வாய்ப் பாசனக்காரர்கள் பெரியாற்றுத் தண்ணீருக்கு மனுக் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துபோயிருக்கிறார்கள். ஐப்பசியில் ஒருவன் எழுந்து, "கார்த்திகையில் புயல் வரலாம், பத்து அடியைக் காலி செய்து வைப்போம்" என்று சொன்னால் அவனை உயிரோடு விடுவோமா? புயல் வராமல் போனால் அந்தப் பத்து அடியை யார் திருப்பித் தருவது? அணையின் மேல்மட்டத்து ஒரு அடியில் நிற்கிற தண்ணீர், அடிமட்டத்து ஒரு அடியைப்போல எத்தனையோ மடங்கு.

உன் லட்சணம் மட்டும் என்ன? 2015இல் ஏன் திறந்தார்கள் என்று மூன்று பக்கம் திட்டினாய். 2019இல் செம்பரம்பாக்கம் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தபோது, ஒரு சொட்டுக்கூடச் சேர்த்து வைக்கத் தெரியாதா என்று ஐந்து பக்கம் திட்டினாய். இரண்டு கடிதங்களும் என்னிடம் இருக்கின்றன. வேண்டுமானால் நகல் அனுப்புகிறேன்.

"டிசம்பர் ராத்திரியில் நாங்கள் எதையும் தீர்மானிப்பதில்லை அம்மான். அக்டோபரிலேயே எல்லாரும் சேர்ந்து தீர்மானித்துவிடுகிறார்கள்" என்று பையன் சொன்னான். இதற்குத்தான் 'ரூல் கர்வ்' என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். இன்ன தேதியில் மட்டம் இதற்கு மேல் போகக் கூடாது என்று பருவம் முழுவதற்கும் முன்கூட்டியே வரைந்து வைத்த கோடு. முல்லைப்பெரியாறு வழக்கில் இந்தப் பெயர் அடிபட்டதே, நினைவிருக்கிறதா? தாளில் கோடு போடுவது சுலபம். கோட்டைக் காப்பாற்ற ஆவணித் தண்ணீரைக் கடலுக்கு விட்டவன் சித்திரையில் ஊருக்குள் நடக்க முடியாது.

எனக்கு நம் பெரிய கண்மாயின் கலிங்கு ஞாபகத்துக்கு வந்தது. அங்கே ஷட்டரும் கிடையாது, பொறியாளரும் கிடையாது. மட்டம் ஏறினால் தானாக வழிந்து அடுத்த கண்மாய்க்குப் போகும். அப்படியும் மனிதன் சும்மா இருந்தானா? கலிங்குக் கற்களுக்கு நடுவே வைக்கோலும் களிமண்ணும் திணித்து ஒரு முழம் கூடுதலாகத் தேக்கப் பார்த்தவர்கள் யார் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அடைமழையில் அதைப் பிடுங்கப் போன உன் அப்பச்சியும் மேலூர்க்காரர்களும் மண்வெட்டியோடு எதிரெதிரே நின்றார்கள். அன்றைக்கு நாம் அயிரை மீன் பிடிக்கிற மும்முரத்தில் இருந்தோம்.

இவனுக்கு அம்மானாகிவிட்டதால் வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைக்காதே. அவனோடு நானும் சண்டை போட்டேன். செம்பரம்பாக்கத்தைக் கையாண்ட விதத்தை அரசுத் தணிக்கை அறிக்கையே குறை சொன்னதை எடுத்துக் காட்டினேன். தலையாட்டினான். ஆனால் உன் மச்சான் முடிச்சூர் வீட்டு வெள்ளத்துக்கும் அந்த ஏரியைத்தானே இன்றுவரை திட்டுகிறார், அதை மட்டும் ஒப்புக்கொள்ள மறுத்துவிட்டான். ஏரியின் உபரி நீர் அடையாற்றில் சேர்வது திருநீர்மலைப் பக்கம். முடிச்சூர் அதற்கு மேலே இருக்கிறது. அங்கே வந்தது ஆற்றின் சொந்த வெள்ளம், மேலே உள்ள ஏரிகள் வழிந்த வெள்ளம். மச்சானிடம் பக்குவமாகச் சொல். அல்லது சொல்லாமலே விட்டுவிடு.

எச்சரிக்கை விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. வைகையில் 66 அடியில் முதல் எச்சரிக்கை, 68.5இல் இரண்டாவது, 69இல் மூன்றாவது, பிறகு திறப்பு. ஒழுங்கான ஏற்பாடுதான். ஆனால் "தாழ்வான பகுதி மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லவும்" என்று ஒலிபெருக்கியில் சொன்னால், தன் வீடு தாழ்வா மேடா என்று எவனுக்குத் தெரியும்? 20,000 கன அடி என்றால் வாசற்படி வரையா, பரண் வரையா? அதைத் தெருத்தெருவாக அளந்து, கோடைக்காலத்திலேயே சுவரில் கோடு போட்டுவைக்க வேண்டாமா? இதைக் கேட்டபோது அவன் பதில் சொல்லவில்லை. நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டான்.

இரவில் மட்டம் பார்ப்பதைப் பற்றிச் சொன்னதுதான் மனதை விட்டுப் போகவில்லை. சுவரில் எழுதியிருக்கும் அளவு எண்களை டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். காற்றில் அலை எழும்பி எழும்பி அடிப்பதால் எண் நிற்காது. அலை ஏறும்போது ஒன்று, இறங்கும்போது ஒன்று என்று மாறிமாறிப் பார்த்து, நடுவில் ஒரு எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மணிக்கு ஒருமுறை. அந்த எண்ணை வைத்துத்தான் மேலே இருக்கிறவர்கள் எவ்வளவு திறப்பது என்று முடிவு செய்கிறார்கள். மலையில் மழை கொட்டும்போது செல்போன் கோபுரம் வேலை செய்யாமல் போய்விடுமாம். "கையெழுத்துப் போடும்போது கை நடுங்குகிறது அம்மான்" என்றான். இருபத்தெட்டு வயது, சொக்கு.

ஆச்சி என்னைப் பிடித்து உலுக்குகிறாள். யாரையாவது பார்த்து அவனை அலுவலக வேலைக்கு மாற்றிவிடு, நீ தாய்மாமன்தானே என்கிறாள். எனக்கு யாரைத் தெரியும்? தெரிந்த ஒரே பெரிய மனிதன் நீ. நீயும் ஓய்வு பெற்றுவிட்டாய். அவனும் மாற்றல் வேண்டாம் என்கிறான். இந்த மழைக்கு அங்கேதான் இருப்பேன் என்று பிடிவாதமாக நிற்கிறான். இருக்கட்டும் என்று எனக்கு ஒரு மனம் சொல்கிறது. ஆச்சி முகத்தைப் பார்த்தால் இன்னொரு மனம் வேறு சொல்கிறது.

புரட்டாசியில் ஒரு பயிற்சிக்காகச் சென்னை வருகிறான். லாட்ஜ் வேண்டாம், உன் வீட்டில் தங்கச் சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். முதல் நாள் எதுவும் பேசாதே, சோறு போடு. இரண்டாம் நாள் 2015 கதை முழுவதையும் சொல். எத்தனை மணிக்குத் தண்ணீர் ஏறியது, எந்த மாடிப்படி வரை வந்தது, யார் வந்து சொன்னார்கள், யாருமே வந்து சொல்லவில்லையா, எல்லாம். அவன் நோட்டில் எழுதிக்கொள்வான். திட்டுவதானால் அதற்குப் பிறகு திட்டு.

உன் வீட்டு இரண்டாம் கட்டில் வளவுத் தகரக் குழாய் அடைத்துக்கொண்டு மழைத் தண்ணீர் பட்டாலைக்குள் வழிகிறது. உன் பங்காளிகள் ஒருவரை ஒருவர் கை காட்டுகிறார்கள். கொத்தனாரை நானே வரச் சொல்லியிருக்கிறேன். ஐப்பசிக்குள் முடிக்க வேண்டும், உன் பங்குப் பணத்தைப் பையனிடம் கொடுத்தனுப்பு.

அன்புடன்,
அண்ணாமலை