சந்தை மாட்டுக்குத் தண்ணீர் வைப்பது யார் பொறுப்பு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொள்ளாச்சியிலோ கருங்கல்பாளையத்திலோ மணப்பாறையிலோ மாட்டுச்சந்தை கூடினால், எத்தனை மாடுகள் வந்தன, கறவை மாடு என்ன விலைக்குப் போனது என்பதெல்லாம் மறுநாள் செய்தித்தாளில் வந்துவிடுகிறது. அந்த மாடுகள் அன்று தண்ணீர் குடித்தனவா என்பது மட்டும் வருவதில்லை.

கடந்த பங்குனியில் கறவை மாடு வாங்குவதற்காகப் பக்கத்து மாவட்டத்துச் சந்தை ஒன்றுக்குப் போயிருந்தேன். முந்தின இரவே வந்து இறங்கிய மாடுகள், முற்பகல் வெயில் ஏறிய பிறகும் படுக்க முடியாதபடி குட்டைக் கயிற்றில் கட்டப்பட்டு நின்றன. தண்ணீர்த் தொட்டி இருந்தது. அதில் பாலிதீன் பைகளும் காய்ந்த சாணமும்தான் கிடந்தன. நுழைவாயில் அருகே ஒரு குடம் தண்ணீர் 10 ரூபாய்க்கு விற்றார்கள். நான் விலை கேட்ட செவலை மாட்டின் காம்புகளிலிருந்து பால் தானாகவே சொட்டிக்கொண்டிருந்தது. மடி பெரிதாகத் தெரிய வேண்டும் என்பதற்காக முந்தின நாளிலிருந்து கறக்காமல் விட்டிருக்கிறார்கள். எட்டாத தூரத்தில், வாய்க்கூடு போட்ட அதன் கன்று கயிற்றை இழுத்துக் கத்திக்கொண்டிருந்தது. தொட்டுப் பார்த்தேன், மடி கல்லாக இருந்தது. மாடு காலை உதறியது. இப்படிப் பால் தேக்கிய மாட்டுக்கு மடிநோய் வந்தால், வைத்தியச் செலவு வாங்கியவன் தலையில்தான் விழும். வியாபாரியை மட்டும் குறை சொல்லவும் எனக்கு வாயில்லை. மடியைப் பார்த்து விலை சொல்கிறவர்களில் நானும் ஒருவன்.

மாடு இறக்கும் இடத்தில் சாய்தளம் கிடையாது. லாரியின் பின்கதவைத் திறந்து, வாலை முறுக்கித் தள்ள, நிறைசினை மாடு ஒன்று முன்னங்கால் மடங்கி விழுந்ததைப் பார்த்தேன். அந்த லாரியில் வந்தவை 14 உருப்படிகள். 1978-ஆம் ஆண்டின் விலங்குகள் போக்குவரத்து விதிகளின்படி ஒரு சரக்கு வண்டியில் 6 மாடுகளுக்கு மேல் ஏற்றக்கூடாது, தளம் வழுக்காமல் இருக்க விரிப்போ பலகையோ போட வேண்டும்.

2017 மே மாதம் மத்திய அரசு கொண்டுவந்த கால்நடைச் சந்தை விதிகள் பலருக்கும் நினைவிருக்கும். இறைச்சிக்காகச் சந்தையில் மாடு விற்பதைத் தடுத்த பிரிவுகளுக்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்தது. உச்ச நீதிமன்றம் ஜூலையில் அத்தடையை நாடு முழுவதற்கும் நீட்டித்தது. விவசாயியின் கையிலிருந்த உரிமையைப் பறிக்கும் பிரிவுகள் அவை என்பதால் அன்று நானும் எதிர்த்தேன், இன்றும் எதிர்க்கிறேன். ஆனால் நிழல், தண்ணீர், தீவனம், சாய்தளம், நோயுற்ற மாடுகளுக்குத் தனி இடம், காம்பை ஒட்டி அடைப்பதற்குத் தடை என்று அதே விதிகளில் இருந்தவை அந்தக் கூச்சலில் யார் காதிலும் விழாமல் போயின. 2022-இல் தோல் கழலை நோய் பல மாநிலங்களில் பரவியபோதாவது, காய்ச்சல் கண்ட மாட்டைத் தனியே கட்ட ஓர் இடம் வேண்டுமென்று நமக்கு உறைத்திருக்க வேண்டும்.

இவற்றைச் செய்ய டெல்லியின் விதிக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. போதிய தண்ணீரும் தீவனமும் நிழலும் தராமல் மாட்டை வைத்திருப்பது, 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவின்படி உரிமையாளர் செய்யும் குற்றம். சந்தைக்கு இடம் கொடுத்து, மாட்டுக்கு இவ்வளவு என்று சுங்கம் வசூலிக்கும் உரிமையை ஏலம் விடுவது உள்ளாட்சி அமைப்புகள். ஊர் நுழைவில் தண்ணீர்த் தொட்டி கட்டி, பக்கத்தில் மாடு உரசிக்கொள்ள ஆவுரிஞ்சு கல்லும் நட்டு வைத்தவர்கள் சுங்கம் கேட்டதில்லை. சுங்கம் வாங்குகிற சந்தையில், கழுவிய தொட்டியில் நாள் முழுதும் தண்ணீர், தகரக் கொட்டகை, மண்ணைக் கொட்டி மேடாக்கிய ஒரு சாய்தளம், சந்தை நாளில் ஒரு கால்நடை மருத்துவர் ஆகியவற்றை ஏல நிபந்தனையாகவே எழுதி, தவறினால் வைப்புத்தொகையில் பிடித்தம் என்று சேர்த்தால் போதும். அடுத்த ஏல அறிவிப்புக்கு முன்பாக உள்ளாட்சித் துறையும் கால்நடை பராமரிப்புத் துறையும் இதைப் பரிசீலிக்கத் தங்கள் இதழ் வழியாக வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
கறவை மாடு வளர்க்கும் வாசகர்,
திருப்பூர் மாவட்டம்.