ரிச்சியின் பட்டு அங்கி

அன்புள்ள ஆசிரியருக்கு,

சீனாவுக்குப் போன மிஷனரிகள் பற்றிய கட்டுரையைப் படித்தேன். மத்தேயோ ரிச்சிக்கு இரண்டே வரிகள் என்பது வருத்தமாக இருந்தது. 1583-ல் சீனாவில் குடியேறிய அந்த இத்தாலிய இயேசு சபைத் துறவி முதலில் தலையை மழித்து பௌத்தத் துறவிபோல் வாழ்ந்தார். அங்கே மரியாதை படித்தவர்களுக்குத்தான் என்று புரிந்ததும், 1595-ல் கன்பூசிய அறிஞர்களின் பட்டு அங்கிக்கு மாறினார். சூ குவாங்சி என்ற சீன அறிஞரோடு சேர்ந்து கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட்டின் வடிவியலில் முதல் ஆறு பாகங்களைச் சீன மொழியில் பெயர்த்தார். முன்னோரின் பெயர் எழுதிய பலகை முன் சீனர்கள் வணங்கும் சடங்கைக் குடும்ப மரியாதையாகவே பார்த்தார்.

அதைத்தான் ரோம் பின்னாளில் தடுத்தது. போப்பின் தூதர் தூர்னோன், 1704-ல் நம் புதுச்சேரியில் தங்கியிருந்தபோதே இங்குள்ள கிறிஸ்தவர்களின் பழக்கங்கள் பலவற்றைத் தடை செய்துவிட்டுத்தான் சீனாவுக்குக் கப்பலேறினார். 1715-ல் சீனச் சடங்குகளுக்கு எதிராகப் போப்பின் கண்டிப்பான ஆணை. 1721-ல் அதனால் கோபமடைந்த சீனப் பேரரசர் காங்சி கிறிஸ்தவ மதப் பிரச்சாரத்தையே தடுத்தார். இடையில் தவித்தவர்கள் சீனக் கிறிஸ்தவர்கள். தாத்தா பாட்டியின் பெயர்ப்பலகை முன் வணங்க ரோம் அனுமதித்தது 1939-ல்தான்!

சரி, அடுத்த கட்டுரையில் சூ குவாங்சி போன்ற சீனர்களின் தரப்பையும் எழுதுங்கள்.

– ஒரு வாசகர், பாளையங்கோட்டை