முட்டையைத் தொடாத பிள்ளைகள்

இராயபுரம்,
30.03.2026

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். போன வாரம் சத்துணவு அம்மா என் அறைக்கு வந்தார். ஆறாம் வகுப்பில் நாலு பிள்ளைகள் முட்டையைத் தொடுவதே இல்லையாம். தட்டில் வைத்தால் பக்கத்துப் பையன் தட்டுக்கு உருட்டிவிடுகிறார்களாம். "உடம்புக்கு ஏதாவது முடியலையா சார்?" என்று கேட்டார். உடம்புக்கு ஒன்றுமில்லை, கிறிஸ்தவர்களின் நோன்புக்காலமான தவக்காலம் நடக்கிறது.

திருநீற்றுப் புதனிலிருந்து ஈஸ்டர் வரை, ஞாயிறுகளைக் கழித்தால் 40 நாள். இயேசு பாலைவனத்தில் நோன்பிருந்த நாள்கணக்கு அது. முட்டையை விலக்கச் சொல்லிக் கத்தோலிக்கச் சபையில் இப்போது கட்டளை இல்லை. ஒருசந்தி (ஒருவேளை மட்டும் சாப்பிடும் நோன்பு) இருக்கும் பாட்டியைப் பார்த்துப் பேரப்பிள்ளையும் விடுகிறது. ஆனால் இடைக்கால ஐரோப்பாவில் கறியோடு முட்டைக்கும் தடை இருந்தது. கோழிக்கு நோன்பு தெரியுமா? அது பாட்டுக்கு இட்டுக்கொண்டே இருந்தது. சேர்ந்துபோன முட்டைகள் ஈஸ்டர் அன்று பந்திக்கு வந்தன. கிழக்குச் சபைகளில் அவற்றுக்குச் சிவப்புச் சாயம் ஏற்றுவார்கள், கிறிஸ்துவின் இரத்தத்தின் நினைவாக. மூடிய ஓடு இயேசுவின் கல்லறை. அதை உடைப்பது உயிர்ப்பு. கடைகளில் வரும் சாக்லேட் முயல் ஜெர்மானியர்களின் நாட்டு வழக்கத்திலிருந்து வந்தது. ஈஸ்டரைப் பற்றி விவிலியம் சொல்லும் இடத்தில் முயலே கிடையாது.

தேதி ஏன் ஆண்டுக்கொன்றாக மாறுகிறது என்று சிலர் கேட்டீர்கள். 2024இல் மார்ச் 31, 2025இல் ஏப்ரல் 20, இந்த ஆண்டு ஏப்ரல் 5. மார்ச் 21இலோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமியை அடுத்த ஞாயிறுதான் ஈஸ்டர். கடலுக்குப் போகும் காசிமேட்டுக்காரர்களுக்கு நான் பௌர்ணமிக் கணக்கு சொல்லித்தர வேண்டியதில்லை. வருகிற வியாழன்தான் அது.

நேற்று குருத்து ஞாயிறு, ஈஸ்டருக்கு முந்தைய ஞாயிறு. இன்று காலை பல பிள்ளைகளின் ஜியாமெட்ரி பாக்ஸில் குருத்தோலைச் சிலுவை இருந்தது. ஒரு வகுப்பில் விளையாட்டுச் சாமான் என்று நினைத்து வாங்கி வைத்துவிட்டோம். தவறு எங்களுடையது, மதியமே திருப்பிக் கொடுத்தாயிற்று. அந்த ஓலையை வீட்டில் பத்திரமாக வைத்திருப்பார்கள். அடுத்த ஆண்டு கோயிலில் அதை எரித்த சாம்பல்தான் திருநீற்றுப் புதனன்று நெற்றியில் ஏறும். பிப்ரவரியில் "இது என்ன புதுசா விபூதி?" என்று வகுப்பில் கேட்ட பையனுக்கு இதுதான் பதில்.

3ஆம் தேதி புனித வெள்ளி, விடுமுறை. சனிக்கிழமை இரவு பாஸ்கா திருவிழிப்பு (ஈஸ்டருக்கு முந்தைய இரவு வழிபாடு) நள்ளிரவைத் தாண்டலாம் என்பதால் அன்றைய சிறப்பு வகுப்பும் இல்லை. திங்கள் காலை வழக்கம்போலப் பள்ளி உண்டு, மதியம் முட்டையும் உண்டு.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்