இரண்டு இயங்குதளம் உள்ள மடிக்கணினியைக் கெடுத்துத் தந்ததும் பழைய டிஸ்க்கைத் திருப்பித் தராததும் குறித்துப் புகார்

தேதி: 30.6.2025

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்,
உபி சேவை மையம், சிங்கப்பூர்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். இது நான் உங்களுக்கு எழுதும் மூன்றாவது கடிதம். முதல் இரண்டுக்கும் ஒரே பதில்தான் வந்தது: உங்கள் கருத்துக்கு நன்றி, மூன்று வேலை நாளில் தொடர்புகொள்வோம். அந்த மூன்று நாள் எப்போதோ போய்விட்டது, யாரும் அழைக்கவில்லை. நான் எழுதியது கருத்து இல்லை, புகார். இந்த முறையாவது இதைப் படிக்கும் ஒருவர் கடைசி வரி வரை படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சேவைப் படிவத்தின் நகலை இணைத்திருக்கிறேன். கோப்புகள் எல்லாம் இருக்கும் 512 ஜிபி டிஸ்க்கை, அதாவது எஸ்எஸ்டியை, எடுத்துவிட்டு 1 டிபி போட்டுத் தரும் உங்களுடைய அந்த மேம்பாட்டுச் சேவைக்காக ஜூன் 3, செவ்வாய்க்கிழமை மடிக்கணினியைக் கொடுத்தேன். வரியோடு 268 வெள்ளி. கவுண்டரில் இருந்த பெண்ணிடம் தெளிவாகச் சொன்னேன். இதில் விண்டோஸ் 11 இருக்கிறது, உபுண்டு என்ற இன்னோர் இயங்குதளமும் இருக்கிறது, இரண்டும் எனக்கு வேண்டும், கூடுதலாக வரும் இடத்தில் 200 ஜிபியை உபுண்டுவுக்கு ஒதுக்குங்கள் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டு, படிவத்தில் 'டூயல் பூட், 2 ஓஎஸ்' என்று எழுதி, கீழே கோடும் போட்டார். அவர்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். அதே படிவத்தில் 'பழைய பாகத்தைத் திருப்பித் தரவும்' என்ற கட்டத்தில் நான் டிக் போட்டிருக்கிறேன். தயவுசெய்து அதைப் பாருங்கள். அந்த டிக்கைப் பற்றிப் பின்னால் எழுதுகிறேன்.

ஆறாம் தேதி வாங்கி வந்தேன். பேட்டரி இறங்கிவிட்டது, வீட்டில் சார்ஜ் போட்டுப் பாருங்கள் என்று மூடிய மடிக்கணினியைக் கையில் கொடுத்தார்கள். வீட்டில் போட்டால் கறுப்புத் திரை. இடது பக்கம் 'கிரப்' என்று ஒரு சொல் (இயங்குதளத்தைத் தொடங்கிவைக்கும் நிரலின் பெயர் அது), பக்கத்தில் மின்னிக்கொண்டிருக்கும் ஒரு கோடு. விண்டோஸும் வரவில்லை, உபுண்டுவும் வரவில்லை. உங்கள் கணினி எப்படித் தொடங்கும் என்று என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அந்தத் திரையைப் பார்த்த உடனே என்ன நடந்திருக்கும் என்று உங்கள் தொழில்நுட்பர் எவருக்கும் புரிந்திருக்க வேண்டும். ஒருவருக்கும் புரியவில்லை, அல்லது புரிந்துகொள்ள யாரும் முயலவில்லை.

இப்போது அந்தச் சனிக்கிழமையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மற்றதை எல்லாம் வரிசையாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், ஆனால் அந்தச் சனிக்கிழமை நினைவுக்கு வந்தால் கை வேறு எதையும் எழுத மறுக்கிறது.

ஜூன் 14. காலையில் உங்கள் குறுஞ்செய்தி: 'உங்கள் சாதனம் தயார்.' நான் இருப்பது புக்கிட் பாஞ்சாங். டௌன்டவுன் ரயில் பாதையின் இந்தக் கோடியில் ஏறினால் நகரம் முழுவதையும் சுற்றிக்கொண்டு உபிக்கு வர வேண்டும். வீட்டுக் கதவிலிருந்து உங்கள் கதவுக்கு ஒன்றரை மணி நேரம். அன்று நல்ல மழை. வந்து வரிசை எண் வாங்கி ஒரு மணி இருபது நிமிடம் உட்கார்ந்தேன். என் முறை வந்தபோது இருந்தவர் ஓர் இளைஞர், தமிழர்தான், என் மகன் வயதுகூட இருக்காது. பெயரை இங்கே எழுத நான் விரும்பவில்லை. அன்று மதியம் நான்காம் கவுண்டரில் யார் இருந்தார் என்பது உங்கள் பணிப் பட்டியலில் இருக்கும்.

மூடியைத் திறந்தார். விண்டோஸ் வந்தது. "சரியாயிடுச்சு அங்கிள்" என்றார். உபுண்டு எங்கே என்று கேட்டேன். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "யாரு உங்கள அதப் போடச் சொன்னா? எங்க மெஷின் விண்டோஸோடதான் வருது. கண்டதையும் போட்டுட்டு வந்தா நாங்க பொறுப்பில்ல" என்றார். படிவத்தைக் காட்டினேன். கோடு போட்ட வரியைக் காட்டினேன். "எழுதினது அவங்க, அவங்ககிட்ட கேளுங்க" என்றார். அந்தப் பெண் அன்று விடுப்பு. அதோடு நிற்கவில்லை. "வேணும்னா மொத்தத்தையும் அழிச்சிட்டுப் புதுசா விண்டோஸ் போட்டுத் தர்றோம்" என்று சொல்லிக்கொண்டே, பரிசோதனைக் கட்டணம் என்று 54 வெள்ளி 50 காசுக்கு ரசீதை நீட்டினார். நீங்கள் கெடுத்ததை நீங்களே பரிசோதித்ததற்கு நான் பணம் கட்ட வேண்டுமாம். கட்டாவிட்டால் கணினியைத் தர முடியாது என்றார். கட்டினேன். நான் பேசி முடிப்பதற்குள் அடுத்த எண்ணை அழுத்திவிட்டார். சுற்றி இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். வயது ஐம்பத்தாறு ஆகிறது, இப்படி ஒரு கவுண்டர் முன்னால் நான் தலைகுனிந்து நின்றதே இல்லை.

'கண்டதையும்' என்றாரே, அதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். நான் மொழிபெயர்ப்பாளன். வாடிக்கையாளர்கள் அனுப்பும் வேர்ட் கோப்புகளுக்கு விண்டோஸ் வேண்டும். பழைய தமிழ் இதழ்களை ஸ்கேன் செய்து, டெசரக்ட் என்ற மென்பொருளைக் கொண்டு எழுத்துகளைப் பிரித்தெடுக்கும் வேலை முழுவதையும் உபுண்டுவில்தான் செய்கிறேன். மூன்று ஆண்டுகளாக இரண்டும் ஒரே கணினியில் ஒரு குறையும் இல்லாமல் ஓடின. ஜூன் 3 அன்று உங்களிடம் கொடுக்கப் புறப்படும் முன்னால்கூட அதில்தான் வேலை பார்த்தேன். உபுண்டு என்பது திருட்டுத்தனமாகப் போடும் ஏதோ ஒன்று இல்லை. நம்பகமான இயங்குதளத்தை மட்டுமே தொடங்கவிடும் செக்யூர் பூட் உங்கள் கணினியில் இயங்கிக்கொண்டிருக்கும்போதே அது முறையாகத் தொடங்கும்.

இடையில் நடந்ததையும் எழுத வேண்டும். ஒன்பதாம் தேதி ஹாட்லைனை அழைத்தேன். 47 நிமிடம் இசை. மென்பொருள் பிரிவு வன்பொருள் பிரிவுக்கு மாற்றியது, வன்பொருள் பிரிவு திரும்ப மென்பொருள் பிரிவுக்கே மாற்றியது. கடைசியில் பேசியவர், கணினியின் அடிப்படை அமைப்புகள் உள்ள பயோஸுக்குள் போய் எல்லாவற்றையும் தொழிற்சாலை அமைப்புக்கு மாற்றி, பூட்டுச் சாவிகளை வைத்திருக்கும் டிபிஎம்மையும் அழித்துவிடுங்கள் என்றார். சொன்னபடி செய்தேன். அதற்குப் பிறகு எஃப்12 அழுத்தி விண்டோஸைத் தேர்ந்தெடுத்தால், டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரின் நீலத் திரை வந்து 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கிறது. டிபிஎம்மை அழித்தால் இதுதான் நடக்கும் என்று அவருக்குத் தெரியாதா? முதலில் சாவி கையில் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. நல்லவேளையாக என் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்தச் சாவி சேமிக்கப்பட்டிருந்தது. கைப்பேசியில் பார்த்து 48 எண்களையும் ஒவ்வொன்றாக அடித்தேன். இல்லாமல் போயிருந்தால் என் விண்டோஸ் கோப்புகள் ஒன்றுகூட மிஞ்சியிருக்காது. அடுத்த நாள் மறுபடி உபிக்கு எடுத்துவந்து கொடுத்தேன். நான்கு நாள் வைத்திருந்து நீங்கள் செய்த 'பழுதுபார்ப்பு' என்ன தெரியுமா? விண்டோஸைத் தொடங்கிவைக்கும் விண்டோஸ் பூட் மேனேஜரைத் தொடக்க வரிசையில் முதலில் கொண்டுவந்து வைத்தீர்கள். அவ்வளவுதான்.

கணினியைச் சரிசெய்தது என் அக்கா மகன். பலதுறைத் தொழிற்கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். பதினைந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தவன், உபுண்டு உள்ள ஒரு யூஎஸ்பியைச் செருகி டிஸ்க்கின் பிரிவுகளை, அதாவது பார்ட்டிஷன்களை, பார்த்தான். பார்த்ததை எனக்குச் சொன்னான், அதை உங்களுக்குச் சொல்கிறேன்.

உங்கள் ஆட்கள் விண்டோஸ் பார்ட்டிஷன்களை அச்சு மாறாமல் நகல் எடுத்திருக்கிறார்கள். உபுண்டுவின் இஎக்ஸ்டி4 வகைப் பார்ட்டிஷனை மட்டும் புதிதாக உருவாக்கிக் கோப்புகளை உள்ளே போட்டிருக்கிறார்கள். புதிதாக உருவாக்கினால் அந்தப் பார்ட்டிஷனுக்குப் புது அடையாள எண் வந்துவிடும், அதுதான் யூயூஐடி. ஆனால் தொடக்க நிரல்கள் இருக்கும் இஎஃப்ஐ பார்ட்டிஷனில் கிரப்புக்காக இருக்கும் மூன்றே வரிக் கோப்பில் பழைய எண்தான் இருக்கிறது. கிரப் பழைய எண்ணைத் தேடியது, கிடைக்கவில்லை, கறுப்புத் திரையில் நின்றுவிட்டது. வீடு மாறிப் போனவரைப் பழைய முகவரியில் போய்த் தேடுவது மாதிரி, மாமா, என்றான். அந்த மூன்று வரிக் கோப்பிலிருந்தே பழைய எண்ணை எடுத்து, டியூன்2எஃப்எஸ் என்ற ஒரு கட்டளையால் புதுப் பார்ட்டிஷனுக்கு அதே எண்ணைக் கொடுத்தான். பயோஸில் தொடக்க வரிசையை மாற்றினான். பட்டியல் வந்தது, உபுண்டு வந்தது, விண்டோஸும் வந்தது. சோறு ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

ஒரே ஒரு கட்டளை. இதற்காகவா நான் பன்னிரண்டு நாள் அலைந்தேன்? இதற்காகவா "மொத்தத்தையும் அழிச்சிட்டு" என்றார்? நான் அன்று மனம் தளர்ந்து சரி என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மூன்று ஆண்டு உழைப்பு ஒரு தலையாட்டலில் போயிருக்கும். இரவில் இதை நினைத்தால் இன்னும் தூக்கம் வரமாட்டேன் என்கிறது.

நான் கேட்ட 200 ஜிபியும் கிடைக்கவில்லை. உபுண்டு பழைய 60 ஜிபியிலேயே நெருக்கியடித்துக்கொண்டு இருக்கிறது. புதிதாக வந்த இடம் அத்தனையையும் விண்டோஸின் சி டிரைவுக்குக் கொடுத்திருக்கிறீர்கள். நான் 268 வெள்ளி கொடுத்ததே அந்த இடத்துக்காகத்தான்.

இப்போது அந்த டிக். பழைய 512 ஜிபி எஸ்எஸ்டி எங்கே? ஆறாம் தேதி தரவில்லை. பத்தாம் தேதி கேட்டபோது உள்ளே இருக்கிறது என்றார்கள். பதினான்காம் தேதி நான் கேட்கவே விடவில்லை. அதற்காகவே இருபதாம் தேதி ஐந்தாவது முறையாக வந்தேன். வேறொருவர் கணினியில் பார்த்துவிட்டு, அது அப்புறப்படுத்தப்பட்டிருக்கலாம் என்றார். 'இருக்கலாம்' என்றால் என்ன பொருள்? அதன் விண்டோஸ் பகுதிக்காவது பிட்லாக்கர் இருக்கிறது. உபுண்டு பகுதிக்குப் பூட்டே இல்லை. என் வாடிக்கையாளர்களின் ஒப்பந்தங்கள், மருத்துவக் கடிதங்கள், எல்லாம் அதில் திறந்தபடி கிடக்கின்றன. என்னை நம்பிக் கொடுத்தவர்களுக்கு நான் என்ன பதில் சொல்வேன்? தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்கும் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

நட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். ஜூன் இரண்டாம் வாரம் கொடுக்க வேண்டிய ஒரு மொழிபெயர்ப்பைக் கொடுக்க முடியவில்லை, அந்த வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. அதோடு வரவிருந்த வேலைகளும் போயின. எல்லாம் சேர்த்தால் 6,000 வெள்ளிக்குக் குறையாது. இருபத்திரண்டு ஆண்டில் ஒரு நாள்கூடத் தாமதிக்காதவன் என்று எனக்கு இருந்த பெயர் போனதற்கு விலையே கிடையாது. நீங்கள் என் தொழிலையே முடக்கிவிட்டீர்கள்.

உங்கள் நிறுவனத்தின்மேல் எனக்குப் பகை இல்லை. எங்கள் வீட்டில் இதுவரை வாங்கிய மூன்று மடிக்கணினிகளும் உங்களுடையவைதான். என் மகள் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோவதும் உங்களுடையதுதான். உங்கள் கணினி நல்ல கணினி. அதனால்தான் இத்தனை முறை நடந்தேன், இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எனக்கு வேண்டியது இதுதான். பழைய எஸ்எஸ்டி என் கைக்கு வர வேண்டும். அது உங்களிடம் இல்லை என்றால், எந்த நாளில், யாரால், எப்படி அழிக்கப்பட்டது என்று எழுத்தில் வேண்டும். 268 வெள்ளியும் 54 வெள்ளி 50 காசும் திரும்ப வர வேண்டும். நான்காம் கவுண்டரில் நடந்ததற்கு எழுத்துமூலம் மன்னிப்பு வேண்டும், வவுச்சர் வேண்டாம். இழந்த வருமானத்துக்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்பதையும் நீங்களே சொல்லுங்கள். இரண்டு இயங்குதளம் உள்ள கணினியை எடுத்துக்கொள்ள மாட்டீர்கள் என்றால், அதைப் பணம் வாங்கும் முன் கவுண்டரிலேயே சொல்லுங்கள். எடுத்துக்கொள்வீர்கள் என்றால், யூயூஐடி என்றால் என்ன என்று தெரிந்த ஒருவரையாவது அந்த மேசையில் உட்கார வையுங்கள்.

ஜூலை 14 வரை காத்திருப்பேன். அதற்குள் தகுந்த பதில் வராவிட்டால் 15ஆம் தேதி சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தில் புகார் கொடுப்பேன், அதற்கான தாள்கள் தயாராக இருக்கின்றன. அங்கும் முடியாவிட்டால் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்துக்குப் போவேன். 20,000 வெள்ளி வரை அங்கே கோரலாம், வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை. படிவம், ரசீதுகள், குறுஞ்செய்திகள், கறுப்புத் திரையின் படம், எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். அந்த அளவுக்குப் போக எனக்கு விருப்பமில்லை என்பதையும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

என் கைப்பேசி எண் படிவத்தில் இருக்கிறது. காலை 9 மணிக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் அழைக்கலாம். உபிக்கு வாருங்கள் என்று மட்டும் சொல்ல வேண்டாம். ஆறாவது முறை நான் வர மாட்டேன். எஸ்எஸ்டியை உங்கள் ஆள் ஒருவர் என் வீட்டுக்குக் கொண்டுவந்து, கையொப்பம் வாங்கிக்கொண்டு கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
இணைத்துள்ள சேவைப் படிவத்தில் பெயர் உள்ள வாடிக்கையாளர்,
புக்கிட் பாஞ்சாங்