பொகோரியா ஏரிக்காரர்களின் வழக்கு

திருநெல்வேலி

அன்புள்ள செல்வம்,

கென்யாவின் பொகோரியா ஏரிக்குப் போய்வந்து நீ அனுப்பிய படங்களும் நீளமான குரல் பதிவும் வந்து சேர்ந்தன. பூநாரைக் கூட்டத்தைவிட எனக்குப் பிடித்தது, உன் மருமகன் கூடையைக் கம்பியில் கட்டி வெந்நீர் ஊற்றில் முட்டை அவிக்கிற படம்தான். பதிலைப் பேசி அனுப்பினால் கோர்ட்டில் வாதம் பண்ணுகிற மாதிரி ஆகிவிடும், நீ பாதியில் தூங்கிவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஊர்ச் செய்தி. இந்த வருஷம் தாமிரபரணியில் தண்ணீருக்குக் குறைவில்லை. உன் தங்கச்சிக்கு முழங்கால் வலி, மாடிப்படி ஏறுவதில்லை, மற்றபடி சௌக்கியம். துரைராஜுக்குப் பேரன் பிறந்துவிட்டான், அந்தப் பெருமையில் எங்கள் சாயங்கால நடைக்கே வருவதில்லை. நான் இன்னும் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு வாய்தா வாங்கப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஏரியில் வழிகாட்டியாக வந்த பையன், "இது எங்க தாத்தாக்களோட இடம், கேஸ் ஜெயிச்சிட்டோம், நிலம்தான் இன்னும் கைக்கு வரல" என்று சொன்னதாகச் சொன்னாயே, அவன் கதை விடவில்லை. மனித உரிமைச் சட்டம் படிக்கிற பிள்ளைகளுக்கு அது பாடமாகவே இருக்கிறது. நில எடுப்பு வழக்குகளிலேயே காலம் தள்ளுகிறவன் என்பதால் நான் அந்தத் தீர்ப்பை ஒரு கோடை விடுமுறையில் உட்கார்ந்து வரிவரியாகப் படித்தேன்.

அந்தப் பையன் எண்டொரோயிஸ் இனத்தவனாக இருக்கும். ஆடுமாடு மேய்க்கிற ஜனங்கள். அந்த ஏரிக்கரை மண்ணில் இயற்கையாகவே உப்பு உண்டு, மாடு அதை நக்கினால் நோய்நொடி அண்டாது என்பது அவர்கள் அனுபவம். அதோடு, செத்தவர்களை எங்கே புதைத்தாலும் அவர்கள் ஆவி இந்த ஏரியில்தான் வந்து தங்கும் என்று நம்புகிறார்கள். வருஷத் திருவிழாவும் பையன்களுக்குச் சுன்னத்துச் சடங்கும் ஏரியை ஒட்டித்தான். நமக்குக் குலதெய்வக் கோயிலும் மேய்ச்சல் புறம்போக்கும் ஒரே இடத்தில் இருந்தால் எப்படியோ, அப்படி.

1973-ல் கென்ய அரசு அந்த ஏரியைச் சுற்றிய இடத்தை வனவிலங்குச் சரணாலயம் என்று கெஜட்டில் போட்டது. பெரியவர்களைக் கூப்பிட்டுப் பேசினார்கள். அப்போது கொடுத்த வாக்குறுதிகளைக் கேள்: 400 குடும்பங்களுக்கு நல்ல விளைநிலம், சுற்றுலா வருமானத்தில் 25 சதவீதம், உருவாகும் வேலைகளில் 85 சதவீதம், மாடுகளுக்கு மருந்துத் தொட்டி, குடிதண்ணீருக்கு அணை. கடைசியில் வந்தது என்ன தெரியுமா? 1986-ல், அதாவது 13 வருஷம் கழித்து, 170 குடும்பங்களுக்கு மட்டும் ஆளுக்குச் சுமார் 3,150 ஷில்லிங். அதுவும் இடம் மாறிப் போகிற செலவுக்கு என்றுதான் அவர்கள் வாங்கிக்கொண்டார்கள். மீதி 230 குடும்பங்களுக்கு அதுவும் இல்லை. வறண்ட மேட்டு நிலத்துக்குத் தள்ளப்பட்டதும் மாடுகள் செத்து விழுந்தன. அப்போதைய ஜனாதிபதி மோய் அதே பாரிங்கோ மாவட்டத்துக்காரர். 1994 கடைசியில் அவரையே போய்ப் பார்த்து முறையிட்டார்கள். 1973 ஒப்பந்தத்தை மதியுங்கள் என்று உள்ளூர் கவுன்சில்களிடம் அவரும் சொன்னார். அவர் சொல்லியும் ஒன்றும் நடக்கவில்லை.

அப்புறம் நக்குரு உயர் நீதிமன்றம். நீ ஏரிக்குப் போகும்போது அந்த ஊரைத் தாண்டித்தான் போயிருப்பாய். 2002-ல் மனு தள்ளுபடி. அந்த நிலம் உள்ளூர் கவுன்சில் பெயரில், மக்களுக்காகப் பொறுப்பில் வைத்திருக்கிற நிலம். சரணாலயம் என்று அறிவித்ததுமே இவர்களுக்கு அதில் சட்டப்படி பாத்தியதை போய்விட்டது, ஒரு கூட்டத்துக்குச் சேர்ந்தாற்போல் சொத்துரிமை என்பதைச் சட்டம் அறியாது என்றது கோர்ட். இதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமே வரவில்லை. "பட்டா எங்கே?" என்ற ஒரே கேள்வியில் எத்தனை கீதாரிகளும் கோனார்களும் இங்கே வாயடைத்து நின்றிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

ஆனால் அவர்கள் அதோடு நிற்கவில்லை. நைரோபியில் சிறுபான்மையினருக்காக வேலை பார்க்கிற ஒரு சின்ன அமைப்பு, லண்டனில் இருக்கிற இன்னொரு அமைப்பு, இரண்டும் சேர்ந்து 2003-ல் வழக்கை காம்பியா நாட்டின் பஞ்சுல் நகரத்திலுள்ள ஆப்பிரிக்க மனித உரிமை ஆணையத்துக்குக் கொண்டுபோயின. சர்வதேச ஒத்துழைப்பு என்று ஜெனீவாவில் மைக் பிடித்துப் பேசுகிறார்களே, என் கணக்கில் அது இதுதான். ஏரிக்கரைப் பெரியவர்கள் சொல்லச் சொல்ல வக்கீல்கள் வாக்குமூலம் எழுதினார்கள், வேறொரு நாட்டில் உட்கார்ந்த ஆணையம் கேட்டது.

தீர்ப்பு 2010 பிப்ரவரியில் வெளிவந்தது. ஆப்பிரிக்க மனித உரிமைச் சாசனத்தின் 22-ஆம் பிரிவு எல்லா மக்கள் கூட்டத்துக்கும் வளர்ச்சி உரிமை உண்டு என்கிறது. அந்த உரிமையை ஒரு அரசு மீறிவிட்டது என்று சர்வதேச அளவில் ஓர் அமைப்பு தீர்ப்புச் சொன்னது அதுதான் முதல் தடவை. இதில் ஒரு வேடிக்கை. அந்தச் சாசனத்தை 1981-ல் ஆப்பிரிக்கத் தலைவர்கள் கூடி ஏற்றுக்கொண்டது எந்த ஊரில் தெரியுமா? நீ குடியிருக்கிற நைரோபியில்.

கென்ய அரசின் வாதம் நமக்குப் பழக்கமானதுதான்: சுற்றுலா வந்தால் நாட்டுக்கே வருமானம், அதில் இவர்களுக்கும் பங்கு உண்டு, கவுன்சிலில் இவர்களுடைய பிரதிநிதிகள் இருந்தார்களே, கலந்து பேசினோமே என்று. ஆணையம் அந்தக் "கலந்து பேசினோம்" என்பதைத்தான் பிடித்துக்கொண்டது. திட்டம் முடிவான பிறகு வந்து தகவல் சொல்லியிருக்கிறீர்கள், அதை மாற்ற அவர்களுக்கு ஒரு சந்தர்ப்பமும் தரவில்லை, பேச வந்த பெரியவர்கள் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், பேரம் சமமாக இல்லை என்றது. வளர்ச்சி என்பதில் முடிவில் என்ன கிடைத்தது என்பதும் உண்டு, எந்த வழியில் கிடைத்தது என்பதும் உண்டு, இரண்டில் ஒன்று கெட்டாலும் உரிமை மீறல்தான் என்றும் எழுதியது. நம்மூர்க் கருத்துக்கேட்புக் கூட்டங்களை நினைத்துக்கொண்டேன். பந்தல், டீ, பிஸ்கட், சுற்றிலும் போலீஸ், மேடையில் ஆட்சியர். மினிட்ஸ் புத்தகத்தில் "பொதுமக்கள் கருத்துகள் கேட்டறியப்பட்டன" என்று ஒரு வரி.

நிலத்தைத் திருப்பிக் கொடு, மாடு மேய்க்கவும் சாமி கும்பிடவும் தடையில்லாமல் விடு, இழப்பீடு கொடு, வருமானத்தில் பங்கு கொடு என்று ஆணையம் பரிந்துரைத்தது. மூன்று மாதத்தில் அறிக்கை கேட்டது. 2014-ல் கென்ய அரசு இதற்காக ஒரு பணிக்குழு போட்டது. குழு போட்டால் என்ன அர்த்தம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டாம். இதற்கு நடுவில் 2011-ல் யுனெஸ்கோ அந்த ஏரியை உலகப் பாரம்பரியச் சின்னமாகச் சேர்த்துவிட்டது. அப்போதும் இவர்களைக் கேட்கவில்லை. அதே ஆண்டு நவம்பரில் ஆணையம் அதைக் கண்டித்துத் தீர்மானம் போட வேண்டியிருந்தது. ஒரு உலக அமைப்பு செய்ததை இன்னொரு அமைப்பு கேள்வி கேட்கிறது பார்.

இன்னொன்றும் கேள். அந்த வழக்கில் எண்டொரோயிஸ் பக்கம் நின்ற வக்கீல்களில் ஒருவர் கொரிர் சிங்கோயி. 2022-ல் அவரே கென்ய வெளியுறவுத் துறையின் முதன்மைச் செயலர் ஆனார். இதை நல்ல சகுனம் என்பதா, அரசாங்கம் கெட்டிக்காரத்தனமாக உள்ளே இழுத்துக்கொண்டது என்பதா? நீ அங்கே இருக்கிறவன், நீதான் சொல்ல வேண்டும்.

இந்த வளர்ச்சி உரிமைக்கு ஐ.நா.வில் என்னதான் சட்டம் என்று கேட்டிருந்தாய். செனகல் நாட்டு நீதிபதி கேபா ம்பாயே 1972-ல் ஸ்ட்ராஸ்பர்கில் ஆற்றிய உரையில்தான் வளர்ச்சியை ஒரு மனித உரிமை என்று எடுத்து வைத்தார். 1986 டிசம்பர் 4 அன்று ஐ.நா. பொதுச்சபை வளர்ச்சி உரிமைப் பிரகடனம் போட்டது. ஆதரவு 146, எதிர்ப்பு ஒன்றே ஒன்று, அமெரிக்கா. எட்டு நாடுகள் ஒதுங்கிக்கொண்டன. அந்த எட்டில் ஸ்வீடனும் டென்மார்க்கும் உண்டு. பணக்கார நாடுகள் வருமானத்தில் 0.7 சதவீதத்தை உதவியாகத் தர வேண்டும் என்று ஐ.நா. 1970-ல் வைத்த இலக்கை அப்போதே எட்டியிருந்த சில நாடுகளில் அந்த இரண்டும் அடக்கம். காசு கொடுப்பார்கள், ஆனால் அதை உனக்கு உரிமை என்று எழுதிக் கையெழுத்துப் போட மாட்டார்கள். தர்மம் பண்ணுகிறவனுக்குக் கடன்காரன் என்று பெயர் வாங்கப் பிடிக்குமா?

இந்தப் பக்கம் ஏழை நாடுகள் யோக்கியமா என்றால் அதுவும் இல்லை. பிரகடனத்தின் இரண்டாவது பிரிவு வளர்ச்சியின் நடுநாயகம் மனிதன்தான் என்கிறது. பங்கெடுப்பு உண்மையாக இருக்க வேண்டும், பலன் நியாயமாகப் பிரிய வேண்டும் என்றும் சொல்கிறது. அரசுகள் ஜெனீவாவில் அதை "எங்கள் உரிமை" என்று நீட்டுகின்றன, சொந்த நாட்டில் மறந்துவிடுகின்றன. 1993 வியன்னா மனித உரிமை மாநாட்டில் 171 நாடுகள் சேர்ந்து, வளர்ச்சி உரிமை உண்டு, ஆனால் வளர்ச்சி போதவில்லை என்று சொல்லி மற்ற உரிமைகளை வெட்டக்கூடாது என்று ஒரே பத்தியில் எழுதின. அந்தப் பத்தியின் பாதியைத்தான் ஒவ்வொருவரும் படிக்கிறார்கள். முதல் பாதியை ஒரு தரப்பு, பின் பாதியை இன்னொரு தரப்பு. 2023-ல் இதையே ஒப்பந்தமாக்க ஒரு வரைவைத் தயாரித்து ஐ.நா. மனித உரிமை மன்றம் பொதுச்சபைக்கு அனுப்பியிருக்கிறது. வந்தால் நல்லது, நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கவில்லை.

ஆனால் ஏழை நாட்டு அரசுகள் கேட்பதை வெறும் சாக்கு என்றும் தள்ள முடியாது. 2024 ஜூனில் நீ கடையை மூடிவிட்டு வீட்டுக்குள் இருந்தாயே, அந்த வரி எதிர்ப்புக் கலவரத்தின் வேர் எங்கே இருந்தது? கடனுக்கு வட்டி கட்டியாக வேண்டும், வருமானத்தைக் கூட்டு என்று ஐ.எம்.எஃப். என்கிற பன்னாட்டு நிதியம் நெருக்குகிறது, அரசாங்கம் ரொட்டிக்கு 16 சதவீத வரி போடலாம் என்று யோசிக்கிறது. எதிர்ப்பைப் பார்த்து ரொட்டி வரியை எடுத்தார்கள். அதற்குப் பிறகும் பிள்ளைகள் நாடாளுமன்றத்துக்குள் புகுந்தார்கள், மறுநாளே ஜனாதிபதி ரூட்டோ அந்த வரி மசோதாவை விட்டுவிட்டார். பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் போக வேண்டிய காசு வெளிநாட்டுக் கடன்காரர்களுக்குப் போனால், அந்த ஊர்க் குழந்தையின் உரிமை லண்டனிலோ வாஷிங்டனிலோதானே மாட்டிக்கொண்டிருக்கிறது? இந்த வகையில் கென்யா கேட்பது நியாயம். ஆனால் அதே நியாயத்தை ஏரிக்காரர்கள் கேட்டால் குழுதான் போடுகிறார்கள்.

நம்ம கதையும் சொல்லிவிடுகிறேன். 1986 பிரகடனத்தை இந்தியா ஆதரித்து வாக்களித்தது. 2013-ல் வந்த நில எடுப்புச் சட்டம் நல்ல சட்டம்: சமூகத் தாக்கத்தை முதலில் ஆய்வு செய், தனியார் திட்டம் என்றால் 80 சதவீதம் பேரின் சம்மதம் வாங்கு என்றெல்லாம் சொன்னது. தமிழ்நாடு என்ன செய்தது? 105-ஏ என்று ஒரு பிரிவைச் சொருகி, நெடுஞ்சாலைச் சட்டம், தொழில் நோக்கச் சட்டம், ஆதிதிராவிடர் நலத்துக்கு நிலம் எடுக்கும் சட்டம் மூன்றையும் அதிலிருந்து விலக்கிக்கொண்டது. 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அதைச் செல்லாது என்று அடித்தது. அதே ஆண்டிலேயே சட்டசபை புதுச் சட்டம் போட்டு உயிர் கொடுத்தது, 2021-ல் உச்ச நீதிமன்றமும் சரி என்றுவிட்டது. ஆக, சிப்காட் தொழிற்பேட்டைக்கு நிலம் எடுக்கும்போது ஊர்க்காரனைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இங்கே இல்லை. தொகையைப் பற்றி மட்டும் சண்டை போடலாம். என் பிழைப்பே அந்தச் சண்டையில்தான் நடக்கிறது என்பது வேறு விஷயம்.

இப்போது ஒரு மேய்ச்சல் புறம்போக்கு வழக்கு கையில் இருக்கிறது. ஆட்டுக்காரர்கள் தரப்பு. பஞ்சுல் தீர்ப்பு இங்கே யாரையும் கட்டுப்படுத்தாது, ஆனாலும் "முடிவான பிறகு சொன்னால் அது கலந்தாலோசனை ஆகாது" என்கிற பகுதியை எழுத்து வாதத்தில் சேர்க்கப்போகிறேன். நீதிபதி ஆப்பிரிக்காவையா கொண்டுவந்தீர் என்று சிரிப்பார், சிரிக்கட்டும். உனக்குத் தெரிந்த வக்கீல் யாராவது அங்கே இருந்தால், அந்த 2014 பணிக்குழு கடைசியில் என்ன அறிக்கை கொடுத்தது என்று விசாரித்துச் சொல். காகிதமாகக் கிடைத்தால் இன்னும் நல்லது.

கெரிச்சோ தேயிலை போன தடவை கொண்டுவந்ததே, தீர்ந்துவிட்டது. டிசம்பரில் வருவதாக இருந்தால் தேதியை முன்கூட்டியே சொல், நெல்லை எக்ஸ்பிரஸில் டிக்கெட் கிடைப்பது அந்த மாதத்தில் குதிரைக்கொம்பு. உன் வீட்டில் எல்லோரிடமும் நான் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
மாணிக்கம்