சர்வரை மூடுங்க, முன்னாடியே சொல்லிட்டு மூடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

ஐஆர்சிடிசி சைட் தினமும் ராத்திரி 11.45லேர்ந்து 12.20 வரைக்கும் மூடியிருக்கும், அது பல வருஷமா தெரிஞ்ச விஷயம், அதனால யாரும் தடுமாறுறதில்ல. ஆனா பல ஆன்லைன் சேவைகள்ல பட்டப்பகல்ல, ஆளுங்க ஃபார்ம் பாதி நிரப்பிட்டு இருக்கும்போதே திடீர்னு "மெயின்டனன்ஸ்"னு போட்டு வெளிய தள்ளிடுறாங்க, இது ரொம்ப தப்புங்க.

நான் டேட்டாபேஸ் வேலை பாக்குறவன், மூடித்தான் ஆகணும்னு எனக்கும் தெரியும். ஆனா ஆரக்கிள்ங்கற டேட்டாபேஸ் சாஃப்ட்வேர்ல ரெஸ்ட்ரிக்டட் செஷன்ங்கற கட்டுப்பாட்ட போட்டா புதுசா சாதாரண யூசர் யாரும் உள்ள வர முடியாது, ஏற்கனவே உள்ள இருக்கறவங்க வேலை அறுபடாது, அவங்க முடிச்சு வெளிய போனதும் நம்ம வேலைய ஆரம்பிக்கலாம். எஸ்கியூஎல் சர்வர்ங்கற இன்னொரு டேட்டாபேஸ் சாஃப்ட்வேர்ல, ஒரே ஒருத்தர் மட்டும் உள்ள இருக்கற சிங்கிள் யூசர் மோடுக்கு மாத்தும்போது ரோல்பேக் இமீடியட்ங்கற கட்டளைய சேர்த்து போட்டா நிலைமையே வேற, முடியாத டிரான்சாக்‌ஷன் எல்லாம் அந்த நிமிஷமே ரத்தாகிடும், பாதி வேலைல இருந்த மனுஷன் மறுபடி முதல்லேர்ந்து தொடங்கணும். (கடைசி தேதி அன்னிக்கு இப்படி நடந்தா அவர் எங்க போவாரு?)

பேங்க்காரங்க மாதிரி முதல் நாளே எஸ்எம்எஸ் அனுப்புங்க, எத்தனை மணிக்கு திறக்கும்னு ஸ்க்ரீன்லயே போடுங்க, கடைசி தேதில மூடினா கெடுவ ஒரு நாள் தள்ளி வைங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி