வடிகாலுக்குக் கையெழுத்துப் போட்ட இன்ஜினியர் சார்மாருக்கு, ஆச்சி வீட்டு வாசல்ல இருந்து

மதிப்புக்குரிய இன்ஜினியர் சார்மாருக்கும் அண்ணாச்சிமாருக்கும் வணக்கம்.

பாளையங்கால்வாய் ஓரமா எங்க தெருவுக்குப் புதுசா மழைநீர் வடிகால் கட்டினீங்கல்லா, அதைப் பத்தித்தான் எழுதுதேன். எந்தத் தெரு, யாரு எஸ்டிமேட் போட்டது, யாரு எம்-புக் (வேலை அளவு எழுதுற புக்) எழுதினது எல்லாம் உங்களுக்கே தெரியும், பேரு சொல்லி யாரையும் சந்திக்கு இழுக்க எனக்கு இஷ்டம் இல்ல. நானும் உங்க ஆளுதான், டிப்ளமா சிவில், இருபத்திரண்டு வருஷமா பாளையங்கோட்டையில பிளான் போட்டு சைட்ல வெயில் காஞ்சு பொழைக்கேன்.

போன புதன்கிழமை சாயங்காலம் மழை பெஞ்சுது. புயலும் இல்ல மண்ணாங்கட்டியும் இல்ல, ஒரு முக்கால் மணி நேரம். 2023 டிசம்பர்ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கொட்டுச்சே, திருநெல்வேலி ஜங்ஷனும் வண்ணார்பேட்டையும் முங்கிக் கெடந்துச்சே, அந்த மாதிரி மழைக்கு எந்த வடிகாலும் தாங்காதுன்னு எனக்கும் தெரியும். அதை நான் கேக்கல. ஆனா அந்த மழையைக் காட்டிக் காட்டியே இந்த முக்கால் மணி நேர மழைக்கும் சமாதானம் சொல்லுதீங்க பாத்தீங்களா, அதுதான் வயிறு எரியுது.

எங்க தெருவுல கடைசிக்கு முந்தின வீட்டுல ஒரு ஆச்சி தனியா இருக்காவ. வயசு எழுபத்தெட்டு. கல்யாண வீட்டுச் சீருக்கு முறுக்கு சுத்திக் கொடுத்துத்தான் பொழப்பு. நான் சின்னப் பிள்ளையா இருக்கும்போது அந்த வீட்டுக்கு மூணு படி ஏறிப் போகணும், இப்ப ஒரு படி கீழ இறங்கிப் போகணும். வீடு ஒண்ணும் இறங்கல சார், ரோடுதான் ஏறிட்டு. பழைய ரோட்டைச் சுரண்டாம அது மேலயே தார் போட்டுப் போட்டு ஏத்தினது. சுரண்டி எடுத்துட்டுத்தான் புதுசு போடணும்னு 2021லயே தலைமைச் செயலாளர் சொல்லியாச்சு, அது எங்க தெருவுக்கு இன்னும் வந்து சேரல போல.

புதன்கிழமை ஆச்சி வீட்டுக்குத் தண்ணி வாசல் வழியா வரல. பாத்திரம் கழுவுற தண்ணி வெளிய போற அங்கணக்குழி வழியா வந்துச்சு. உங்க புது வடிகால்ல இருந்து பின்னுக்கு ஏறி, கறுப்புத் தண்ணி, கரப்பான் பூச்சியோட. நான் போய்ப் பாக்கும்போது ஆச்சி ஒரு பழைய சேலையைச் சுருட்டி அங்கணக்குழிக்குள்ள திணிச்சு, அது மேல அம்மிக் குழவியைத் தூக்கி வச்சு, அது நகராம இருக்க ஒரு காலால மிதிச்சுக்கிட்டு நின்னாவ. ஒரு கை சுவத்துல. மறுநாள் ஆர்டருக்கு இடிச்சுச் சலிச்சு வச்ச எட்டுக் கிலோ மாவும் நனைஞ்சு கூழாகி, பாத்திரத்தோட மெதக்குது. "நான் நவுந்தா தண்ணி வந்துரும்யா, நீ அந்த மாவை மட்டும் பாரு"ங்காவ. எவ்வளவு நேரமா அப்படி நிக்கியன்னு கேட்டா, விளக்கு வைக்கும்போது நின்னதாம். அப்ப மணி ஒம்போது.

வேற எந்தக் கஷ்டத்தையும் நான் எழுதப் போறதில்ல. இது ஒண்ணு போதும்.

ஞாயித்துக்கிழமை நான் ஆபீஸ்ல இருந்து மேடு பள்ளம் பாக்குற மெஷின், ஆட்டோ லெவலைத் தூக்கிட்டு வந்து, பக்கத்து மளிகைக் கடைப் பையன் கையில அளவு போட்ட கோலு, அந்த ஸ்டாஃபைக் கொடுத்து, நடுத் தெருவுல வச்சுப் பாத்தேன். ஆச்சி வீட்டு வாசல்ல வடிகால் தரை ரீடிங் 1.640. அங்க இருந்து 140 மீட்டர் தள்ளி, கால்வாய்ல போய் விழுற இடத்துல தரை ரீடிங் 1.525. உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியது இல்ல, ரீடிங் கூடுனா பள்ளம், குறைஞ்சா மேடு. தண்ணி போய்ச் சேர வேண்டிய இடம், தண்ணி கெளம்புற இடத்தை விடப் பதினொன்னரை சென்டிமீட்டர் மேடு. நம்பிக்கை இல்லாம மெஷினை இடம் மாத்தி வச்சு இன்னொரு தடவையும் பாத்தேன், அதே வித்தியாசம்தான். தண்ணிக்கு எழுதப் படிக்கத் தெரியாது சார், உங்க டிராயிங்ல 1 இன் 500 சரிவுன்னு, 500 மீட்டருக்கு ஒரு மீட்டர் இறக்கம்னு போட்டிருக்கிறது அதுக்கு எப்படித் தெரியும்?

கால்வாய்ச் சுவத்துல பாசி படிஞ்ச கோடு இருக்கு, தண்ணி நிறைஞ்சு ஓடும்போது நிக்கிற மட்டம். அதுக்கும் ஸ்டாஃப் வச்சேன், 1.310. அப்படின்னா கால்வாய் நிறைஞ்சா ஆச்சி வாசல்ல வடிகால்ல முப்பத்து மூணு சென்டிமீட்டர் தண்ணி மழையே இல்லாம நிக்கும். கால்வாய் எப்ப நிறையும்? பிசான நெல்லு சாகுபடிக்குத் தண்ணி விடும்போது. பிசானம் எப்ப? ஐப்பசி, கார்த்திகை. மழை எப்ப? அதே ஐப்பசி, கார்த்திகை. இந்த ஊர்ல பொறந்த சின்னப் பிள்ளைக்குக் கூடத் தெரிஞ்ச விஷயத்தை, கூகுள் மேப்பைப் பாத்து டிபிஆர் (திட்ட அறிக்கை) போட்ட கன்சல்டன்ட்டுக்கு ஒரு ஆளு கூடச் சொல்லலையா?

அதனால என் முதல் கோரிக்கை இதுதான். லெவல் எடுங்க. கால்வாய்ல தண்ணி நிக்கிற மட்டத்துல இருந்து ஆரம்பிச்சு மேல வாங்க, தெருவுல ஆரம்பிச்சு கீழ போகாதீங்க. கடைசி வாய்க்கு வழி இல்லாத வடிகால் வடிகால் இல்ல, நீளமான தொட்டி.

அளவும் பாத்துக்கிடுங்க. எங்க தெருவும் சுத்தி உள்ள சந்துமா ஒரு ஆறு ஹெக்டேர்ல பெய்யுற தண்ணி இதுக்குள்ளதான் வரணும். எல்லாம் சிமென்ட்டு தரை, மொட்டை மாடி, அதனால குணகம் 0.8 போடுங்க, பெய்யுறதுல நூத்துக்கு எண்பது ஓடி வரும்னு. மணிக்கு 60 மில்லிமீட்டர் வேகத்துல மழைன்னா 0.8 இன்டு 60 இன்டு 6, யூனிட் மாத்த 360ஆல வகுத்தா செகண்டுக்கு 0.8 கன மீட்டர், அதாவது 800 லிட்டர். நீங்க கட்டினது ரெண்டடிக்கு ரெண்டடி. 1 இன் 500 சரிவு நெஜமாவே இருந்து, ஒரு குப்பையும் இல்லாம முழுசா ஓடினாலும், வாய்க்கால்ல எவ்வளவு தண்ணி ஓடும்னு பாக்குற மேனிங் கணக்குல 370 லிட்டர்கிட்டதான் போகும். பாதி கூட இல்ல. சரிவே தலைகீழா இருந்தா என்ன போகும்னு நீங்களே சொல்லுங்க. இதுல நடுவுல ஒரு குடிதண்ணி பைப்பு குறுக்க போகுது, அதுல ஒரு சாக்கும் நாலு கேரி பேக்கும் மாட்டித் தொங்குது, மூடி போட்ட சிலாப்பைத் தூக்க ஒரு கொக்கி கூட வைக்கல, எப்படி அள்ளுவாங்க? அள்ளினாலும் அள்ளின சகதியைக் கரையிலயே குவிச்சு வச்சுட்டுப் போறாங்க, அடுத்த மழைக்கு அது பத்திரமா உள்ள வந்து உக்காந்துக்கிடுது.

எட்டு அணைக்கட்டு இருக்கு நம்ம தாமிரபரணியில, அதுல ஏழு வெள்ளைக்காரன் வரதுக்கு முன்னாடி கட்டினது. பழவூர் அணைக்கட்டுல இருந்து பாளையங்கால்வாய் நாப்பது கிலோமீட்டருக்கு மேல ஓடி வருது, வழியெல்லாம் குளத்தை நிரப்பிக்கிட்டு. ஆட்டோ லெவல் இல்ல, டோட்டல் ஸ்டேஷன் இல்ல, டிபிஆர் இல்ல. நாம 140 மீட்டருக்கு ஒரு சரிவு கொடுக்க முடியாம நிக்கோம். குளத்துப் பேரையே பஸ் ஸ்டாண்டுக்கு வச்சுட்டு, மழை வந்ததும் பஸ் ஸ்டாண்டுல தண்ணி நிக்குன்னு ஆச்சரியப்படுற ஊருல இதெல்லாம் பேசி என்ன ஆகப் போகுதுன்னும் தோணுது. சரி விடுங்க, கோவத்துல எங்கெங்கயோ போயிட்டேன், மன்னிச்சுக்கிடுங்க.

நானும் பெரிய யோக்கியன் இல்ல. 2009ல ஒரு வீட்டுக்காரர் ரோட்டை விட ரெண்டடி ஏத்திக் கட்டணும்னாரு, நான் பக்கத்து மனையைத் திரும்பிக் கூடப் பாக்காம கிராவல் அடிச்சு ஏத்திட்டேன். அந்த வருஷமே பக்கத்து வீட்டுக்காரர் என் ஆபீசுக்கு வந்து நனைஞ்ச ரேஷன் கார்டை மேசையில வச்சுட்டு ஒண்ணும் பேசாம போனாரு. அதுக்கப்புறம்தான் எந்த பிளானுக்கும் பக்கத்து மனை லெவலையும் எழுதாம நான் கையெழுத்துப் போடுறதில்ல. கான்ட்ராக்டர் அவசரப்படுத்துவான், மார்ச்சுக்குள்ள பில்லு போகணும்பான், மேஸ்திரி "நான் பாத்துக்கிடுதேன் சார்"னு ரசமட்டத்தைத் தூக்கிக் காட்டுவான். எனக்கும் தெரியும் சார் அந்த நெருக்கடி. ஆனா கையெழுத்து நம்மளது.

இப்ப தயவு பண்ணிக் கேக்கேன், கொஞ்சம் செவி சாயுங்க. எங்க தெரு வடிகாலுக்கு லெவல் எடுங்க. பத்து மீட்டருக்கு ஒரு ரீடிங் போட்டு நீளவாக்குல மேடு பள்ளம் காட்டுற எல்-செக்‌ஷன் வரைஞ்சு, அந்தத் தாளைத் தெரு முக்குல ஒட்டுங்க, நாங்களும் பாத்துக்கிடுதோம். தலைகீழா இருக்கிற அந்த 140 மீட்டரை மட்டுமாவது இடிச்சுத் தரையை இறக்குங்க. கால்வாய் வாயில ஒரு ஃபிளாப் வால்வு, வெளிய போக மட்டும் திறக்கிற மூடி, வைங்க, கால்வாய்த் தண்ணி உள்ள ஏறாம இருக்கும். ஆனா வால்வு மூடி இருக்கும்போது தெருத் தண்ணி வெளிய போக முடியாதுல்லா, அதுக்குத் தண்ணி சேர ஒரு சம்ப்பும் (தொட்டி) அதை இறைக்கப் பம்பும் வேணும், அதை விட்டுட்டு வால்வு மட்டும் வச்சுட்டுப் போயிராதீங்க. பக்கத்துத் தெருவுல இதே பேக்கேஜ்ல இன்னும் கம்பி கட்டிக்கிட்டு இருக்காங்க. அங்கயாவது கான்கிரீட் போடுறதுக்கு முன்னால லெவல் எடுங்க.

மெஷின் இல்ல, ஆளு இல்லன்னா என்கிட்ட மெஷின் இருக்கு, ஸ்டாஃப் பிடிக்க மளிகைக் கடைப் பையன் இருக்கான், கூலி வேண்டாம். வர்ற ஞாயித்துக்கிழமை காலையில ஏழு மணிக்கு ஆச்சி வீட்டு வாசல்ல நிக்கேன். வரும்போது பாத்து இறங்குங்க, படி வழுக்குது. அம்மிக் குழவி இன்னும் அங்கணக்குழி மேலதான் இருக்கு, ஆச்சி எடுக்க விட மாட்டேங்காவ.

இப்படிக்கு,
தெருக்காரன், டிப்ளமா சிவில்